கச்சானுக்குப் பாஸ் இல்லை

யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் இலுக்குப்பொத்தானையில் எல்லாவற்றுக்கும் பாஸ் வேண்டும். ஆளுக்குப் பாஸ், சைக்கிளுக்குப் பாஸ், மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குப் பாஸ். சினை மாட்டை ஓடைக்கு அங்கால் ஓட்டிப்போன ஒருவனிடம், வயிற்றில் கிடக்கிற கன்றுக்குப் பாஸ் எங்கே என்று சென்றிக் காவலில் கேட்டார்களாம். பாஸ் இல்லாமல் வந்துபோனது கச்சான் காற்று ஒன்றுதான். கடைசியில் அதற்கும் ஓர் அலுவலகம் வந்து சேர்ந்தது.

ஊரின் கிடப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். கிழக்கே வாவி, வாவிக்கரையில் ஆமிக் காம்ப். மேற்கே ஓடை. ஓடைக்கு அங்கால் மற்றவர்களின் ஆட்சி. அரசாங்கக் கடுதாசிகளில் அதற்கு ‘விடுவிக்கப்படாத பகுதி’ என்று பெயர். தெற்கே பாலமும் பெரிய ரோட்டும். வடக்கே உப்புத்தரை, அங்கே மருந்துக்கும் ஒரு புல் முளைக்காது. ஓடைக்கரை நெடுக இடுப்பளவு இலுக்குப் புல். அந்தப் புல்லின் ஓரத்தில்தான் அழகரத்தினத்தின் ஓலை வீடும் மாட்டுப் பட்டியும் இருந்தன.

ஆனி பிறந்தால் கச்சான் கிளம்பும். மலைநாட்டில் மழையை இறக்கி வைத்துவிட்டு, வெறும் சூட்டோடு மேற்கேயிருந்து இறங்கி வரும். உதடு வெடிக்கும், கிணறு அடி தெரியும், இலுக்குப் புல் பப்படம் மாதிரி நொறுங்கும். ஒருவன் எறிந்த சுருட்டுத் துண்டு ஒரு வயல் வட்டையையே தின்றுவிடும். அதனால் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடி முடிந்த கையோடு, பட்டிக்காரர்கள் எல்லாரும் தங்கள் பட்டிக்கு மேற்கே புல்லை ஒரு பட்டையாகக் கொளுத்திக் கரித்தரையாக்கி விடுவார்கள். பிறகு எந்த நெருப்பு வந்தாலும் அந்தக் கரியில் வந்து பசியோடு நின்றுவிடும். அம்மனைக் குளிர்விப்பதும் புல்லைக் கொளுத்துவதும் ஒரே கிழமைக்குள் முடிகிற வேலை. இதில் யாரும் பெரிய அறிவைக் கண்டதில்லை. வீடு கூட்டுகிற மாதிரி ஒரு வேலை, அவ்வளவுதான்.

அந்த வருடம் சித்திரையில் காம்ப் வேலிக்குப் பக்கத்தில் ஒரு நிலையம் திறந்தார்கள். ஏதோ ஒரு குளிர்தேசம், தன் காடுகள் எரிந்ததில் மனம் நொந்து, இனி ஒருவர் காடும் எரியக்கூடாது என்று கொடுத்த அன்பளிப்பு. ‘காட்டுத்தீ வானிலை அறிவுறுத்தல் நிலையம்’ என்று மூன்று மொழியில் பெயர்ப்பலகை. வாசலில் அரைவட்டமாக ஒரு பெரிய பலகை. அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு, நடுவில் ஒரு மரக்கை. காற்றையும் மழையையும் வெயிலையும் அளந்து கணக்குப் போட்டு, அன்றைய தீ அபாயத்துக்கு நேராகக் கையைத் திருப்பி வைப்பார்கள்.

திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். விளக்கிலிருந்து பந்தலின் கடுதாசித் தோரணம் பற்றிக்கொண்டது. தீயணைப்பு விளக்கப் படங்களைக் கழற்றி அடித்து அணைத்தார்கள். நிலையம் அந்த நேரம் உத்தியோகபூர்வமாகத் திறக்கப்பட்டிராததால் அந்தத் தீ பதியப்படவில்லை. புகை அடங்கியதும் பொறுப்பதிகாரி வினாயகமூர்த்தி பேசினார்.

“முந்தி நெருப்பு வந்தாப் பிறகுதான் எங்களுக்குத் தெரிய வரும். இனி நெருப்பு வர முந்தியே அறிக்கை வரும். நெருப்பு வராட்டிலும் அறிக்கை வரும். அறிக்கை ஒருநாளும் நிக்காது.”

சனம் கைதட்டியது. வந்தவர்களுக்குக் கேக்கும் சோடாவும் கொடுத்தார்கள். கூடவே, இனிமேல் நிலையத்தின் அனுமதி இல்லாமல் யாரும் புல் கொளுத்தக் கூடாது என்ற கட்டளையையும் வாசித்தார்கள். சோடா குடித்துக்கொண்டிருந்ததால் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

குளிர்த்தி முடிந்த மறுநாள் அழகரத்தினம் வெள்ளைச் சறமும் சேட்டும் உடுத்துப் புறப்பட்டார். அவர் மனைவி சீதேவிப்பிள்ளை பால் கறந்துகொண்டே பார்த்தாள்.

“எங்க போறீங்க?”

“நிலையத்துக்கு. புல் கொளுத்தப் பெமிசன் கேக்க.”

“ஊரில உள்ளவன் நெருப்பணைக்கப் போய்க் கேப்பான். நெருப்பு வைக்கப் போய்க் கேக்கிற ஆள் நீங்க ஒராள்தான். சரி, போயிற்று வாங்க.”

வினாயகமூர்த்தியின் மேசையில் கடுதாசிகள் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைத்திருந்தது. பக்கத்தில் மஜீட் நின்றான். ஓட்டமாவடிப் பையன், மூத்தவர்களை அண்ணன் முறையில் ‘நானா’ என்பான், நிலையத்தின் அவதானிப்பாளர். கருவிகளைப் பார்த்து எழுதுகிற முழு வேலையும் அவனுடையது.

“இண்டைக்கு அபாயம் குறைவு. பலகையைப் பாத்தீரா?” என்றார் வினாயகமூர்த்தி.

“பாத்தன் சேர். அப்ப கொளுத்தலாமோ?”

“அபாயம் இல்லாத நேரத்தில என்னத்துக்கு ஐசே கொளுத்துவான்? தேவையில்லாத தீக்கு அனுமதி தர ஏலாது.”

“அப்ப அபாயம் கூடினாப் பிறகு வாறன்.”

“அபாயம் கூடின நேரம் ஒருத்தரும் நெருப்புப் பத்தவைக்கக் கூடாது. வாசலிலயே எழுதிக்கிடக்கு.”

அழகரத்தினம் இரண்டையும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார், கழித்தும் பார்த்தார். “அப்ப எப்ப சேர் கொளுத்துற?”

“அதை நீரும் நானும் சொல்ல ஏலாது. விஞ்ஞானம் சொல்ல வேணும்.”

விஞ்ஞானம் எங்கே இருக்கிறது என்று பார்க்க அழகரத்தினம் ஆசைப்பட்டார். மஜீட் வெளியே கூட்டிப்போய்க் காட்டினான்.

முதலில் காற்று. கூரைக்கு மேலே ஒரு கம்பி, கம்பியில் ஓர் இரும்பு அம்பு. காற்று எந்தப் பக்கத்தால் வருகிறதோ அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டியது அதன் வேலை. ஆனால் அம்பை நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது.

“ஏன் தம்பி கட்டிக்கிடக்கு?”

“காம்ப் கெப்டன் வந்து பாத்தாரு நானா. மேற்க காட்டினா அங்கால உள்ளவங்களுக்குக் கைகாட்டுறதாம். கிழக்க காட்டினா காம்பைக் காட்டிக்குடுக்கிறதாம். தெற்க காட்டினா பாலம். வடக்கத்தான் ஒண்டுமில்ல, உப்புத்தரை. அதால வடக்க பாத்துக் கட்டச் சொல்லிப்போட்டாரு.”

“அப்ப கச்சான் வீசினா என்ன எழுதுவாய்?”

“வடகாத்து எண்டு. மேற்கு விடுவிக்கப்படாத பகுதியாம். அங்கயிருந்து வாறத ஏத்துக்கொள்ள எங்களுக்கு அதிகாரமில்ல எண்டு சேர் சொன்னாரு.”

அந்த நேரம் கச்சானின் முதல் வீச்சு வந்து மஜீட்டின் தொப்பியைக் கழற்றியது. அவன் கிழக்கே ஓடிப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

அடுத்தது மழை. நிலையத்தின் மழைமானி காம்ப் வேலிக்கு உள்ளே போயிருந்தது. நிலையம் திறந்த கையோடு வேலியைக் கொஞ்சம் அகட்டிப் போட்டபோது கருவியும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. மஜீட் வேலிக்கு வெளியே நிற்பான். உள்ளே நிற்கிற சென்றிக்காரன் எட்டிப் பார்த்து விரலால் அளவு காட்டுவான். அந்தச் சென்றிக்காரன் விடிய எழும்பிப் பல் தீட்டி, முகம் கழுவி, வாய் கொப்பளிக்கிற இடமும் அதுதான். தண்ணீர் வாளி பக்கத்திலேயே இருக்கும். ஆகவே இலுக்குப்பொத்தானையில் தினமும் விடியற்காலை மழை பெய்தது. ஊர்க் கிணறுகள் வற்றிக்கொண்டிருந்தன, அது வேறு விசயம்.

மூன்றாவது வெப்பம். குளிர்தேசத்தார் தந்த வெப்பமானிக்குள் பற்றரி இருந்தது. பற்றரி தடைசெய்த பொருள். ஆகவே அதைச் சோதனைச் சாவடியிலேயே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக டிஸ்பென்சரியிலிருந்து காய்ச்சல் பார்க்கிற வெப்பமானி ஒன்று வந்தது. வெயிலில் வைத்தால் அது வெடித்துவிடும்.

“அப்ப எங்க வைக்கிற?” என்று கேட்டார் அழகரத்தினம்.

மஜீட் கொஞ்சம் வெட்கப்பட்டான். “நாக்குக்குக் கீழதான் நானா. சேர்தான் சொன்னாரு, வைக்கிற இடத்தில வைச்சாத்தான் கருவி சரியாக் காட்டுமாம்.”

இப்படியாக வடகாற்று வீச, விடியலில் மழை பெய்ய, மஜீட்டுக்குக் காய்ச்சல் இல்லாதிருக்க, பலகையின் மரக்கை பச்சையிலேயே கிடந்தது. அழகரத்தினம் நாலு நாளைக்கொருமுறை போனார். ஒவ்வொரு முறையும் அபாயம் குறைவு, ஆகவே அனுமதி இல்லை. திரும்பி வந்து பட்டிக்கு மேற்கே நின்று பார்ப்பார். புல் முதலில் பழுத்தது, பிறகு வெளுத்தது. கையால் பிடித்தால் பொடியாகியது. பட்டியில் கன்று போட்ட பசுக்கள் நின்றன. மாட்டைத் தவிர அவருக்கு வேறு சொத்தும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது. பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழும்புவார்.

“ஒருத்தருக்கும் சொல்லாமக் கொளுத்திப் போடுங்களன்,” என்றாள் சீதேவிப்பிள்ளை.

“புகை கிளம்பினா காம்பால சுடுவாங்க. ஓடைக்கு அங்கால உள்ளவங்களும் சுடுவாங்க. ரெண்டு பேரும் சிக்னல் எண்டுதான் சொல்லுவாங்க.”

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் மஜீட்டுக்கு மலேரியா வந்தது. கடமை தவறாத பையன். போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து வெப்பமானியை நாக்கின் கீழ் வைத்தான். பாதரசம் மேல்முனையில் போய் முட்டியது. வினாயகமூர்த்தி பார்த்துவிட்டுப் பலகைக்கு ஓடினார். மரக்கை பச்சையைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி, சிவப்பின் அந்தத்தில் போய் நின்றது. சைரன் ஊதினார்கள். ஊர்ச்சனம் முழுவதும் சட்டி பானையோடு வாவிக்குள் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நிற்க வேண்டும் என்று லவுட்ஸ்பீக்கரில் கட்டளை வந்தது.

அன்றைக்குத்தான் அந்த வருடத்தில் அருமையாக ஒரு மழை தூறியது. கிழவி குஞ்சு குருமன் எல்லாம் மழையில் நனைந்துகொண்டு வாவிக்குள் நின்றார்கள். வினாயகமூர்த்தி கரையில் குடை பிடித்தபடி உரையாற்றினார்.

“இதுவரைக்கும் ஒரு வீடும் எரியல்ல. ஏன்? எங்கட முன்னறிவிப்பால. எங்கட நிலையம் எவ்வளவு முன்னுக்கு நிக்குது எண்டா, நெருப்பே இன்னும் வந்து சேரல்ல.”

நடுங்கிக்கொண்டிருந்த மஜீட்டைக் கரைக்குக் கொண்டுவந்து டிஸ்பென்சரியில் குளிசை கொடுத்தார்கள். மாலைக்குள் ஊரின் வெப்பம் இறங்கியது. மறுநாள் மரக்கை பச்சைக்குத் திரும்பியது.

அந்த மழையில் நனைந்த புல் காய்ந்ததும் அழகரத்தினம் கடைசித் தடவையாக நிலையத்துக்குப் போனார். இந்தமுறை அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் குந்திக்கொண்டு அழுதார். வயதான மனுசன் வாய்விட்டு அழுததைப் பார்த்து வினாயகமூர்த்திக்கு மனம் இளகிவிட்டது. அவர் கெட்ட மனிதரில்லை. அவருக்கும் உதடு வெடித்திருந்தது, முதுகில் சேட்டு ஒட்டியிருந்தது, கச்சான் எதுவென்று அவருக்கும் தெரியும். ஆனால் தெரிவதற்கு அவருக்கும் அதிகாரமில்லை.

“சரி, எழும்பும். விசேஷ அனுமதி ஒண்டு தாறன். காத்து வாற பக்கத்தில நீர் ஒரு பட்டை கொளுத்தலாம். கெப்டனுக்கும் அறிவிச்சுப் போடுறன், சுட மாட்டினம்.”

அழகரத்தினம் அவருடைய காலில் விழப்போனார்.

“காத்து வாறது வடக்கால,” என்று தொடர்ந்தார் வினாயகமூர்த்தி. “ஆனபடியா வடக்குப் பக்கத்தில கொளுத்தும்.”

“வடக்க உப்புத்தரை சேர். புல்லே இல்ல.”

“புல் கொண்டுபோய்க் கொளுத்தும். அதையும் நானே சொல்லித்தர வேணுமோ?”

கொளுத்தினார்கள். பட்டிக்கு மேற்கே ஒரு மூலையில் அழகரத்தினம் புல் அறுத்தார். ஒரு வண்டி போதும் என்று வினாயகமூர்த்தி நிறுத்திவிட்டார். அதை வடக்கே உப்புத்தரையில் பரப்பிப் பற்றவைத்தார்கள். வினாயகமூர்த்தி பக்கத்தில் நின்று படம் எடுப்பித்தார். புகை நேரே கிழக்கே காம்ப் பக்கம் சாய்ந்தது. வடகாற்றில் இப்படிச் சில நேரம் நடக்கும் என்று அவர் விளங்கப்படுத்தினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஓடைக்கு அங்கால் புகை எழும்பியது. ஷெல் விழுந்ததா, யாரும் தேன் எடுக்கப் போய்ப் பந்தத்தை விட்டார்களா, ஒருவருக்கும் தெரியாது. இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தைச் சொன்னது, அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தைச் சொன்னது. ஓடை வற்றிக் கிடந்தது. கச்சான் நெருப்பைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வந்தது.

அழகரத்தினம் நிலையத்துக்கு ஓடினார். “சேர், சைரனை ஊதுங்க, நெருப்பு ஓடையைத் தாண்டிற்று.”

வினாயகமூர்த்தி ஜன்னலால் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். “பச்சையில நிக்குது ஐசே. பச்சையில சைரன் ஊத ஏலாது. மஜீட், நீ எப்பிடி இருக்காய்?”

“சுகமா இரிக்கன் சேர்,” என்றான் மஜீட், அழாக்குறையாக.

அழகரத்தினம் திரும்பி ஓடினார். பட்டிக்கு மேற்கே நெருப்பு சுவர் மாதிரி நின்றது. ஒரு வண்டிப் புல் அறுத்த அந்த மூலையில் மட்டும் அது கொஞ்சம் தயங்கியது. அந்தத் தயக்கத்துக்குள் சீதேவிப்பிள்ளை படலையை இழுத்தெறிந்து மாடுகளை வாவிப் பக்கம் விரட்டிவிட்டிருந்தாள். கன்றுகள் கயிற்றில் கட்டியிருந்தன. அழகரத்தினம் கத்தியால் வெட்டி வெட்டி விட்டார். கடைசி இரண்டு கன்றுகளிடம் போக முடியவில்லை. ஒன்று நெற்றியில் வெள்ளைச் சுழி உள்ளது. அவருடைய கையைத்தான் நக்கும். அது கத்தியது அவருக்குக் கேட்டது. சாகும்வரை அந்தச் சத்தம் அவரை விட்டுப் போகாது.

எல்லாரும் வாவிக்குள் நின்றார்கள். சனம், மாடுகள், நனைந்த தொப்பியோடு மஜீட், சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வினாயகமூர்த்தி. இந்தமுறை யாரும் கட்டளை போடவில்லை. அழகரத்தினத்தின் வீடும் பட்டியும் எரிந்தன. பிறகு நிலையம் எரிந்தது. பலகை பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒழுங்கு தவறாமல் எரிந்தது. கூரைக்கு மேலே நைலோன் கயிறு உருகி விழ, இரும்பு அம்பு ஒரு சுற்றுச் சுற்றி மேற்கே பார்த்து நின்றது. நிலையம் திறந்ததிலிருந்து அது பார்த்த முதல் வேலை அதுதான்.

வினாயகமூர்த்தி அதைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். “மஜீட், அங்க பாக்காத,” என்றார். “புதுக் கயிறு கேட்டு எழுத வேணும்.”

ஆவணியில் கொழும்பிலிருந்து விசாரணைக்கு ஒரு பெரியவர் வந்தார். காம்ப் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, நெருப்பு எந்தப் பக்கத்தால் வந்தது என்று கேட்டார். வினாயகமூர்த்தி குனிந்து அழகரத்தினத்தின் காதுக்குள் சொன்னார்:

“பாத்துச் சொல்லும். மேற்கால எண்டா அது யுத்த விசயம், உம்மை உள்ளுக்க கொண்டுபோய் விசாரிப்பினம். வடக்கால எண்டா அங்க நாங்க கொளுத்திப் போட்டம், படமும் கிடக்கு, வந்திருக்க ஏலாது. கிழக்க வாவி. தெற்க பாலம்.”

அழகரத்தினம் நாலு பக்கமும் பார்த்தார். கரிந்த பட்டியையும் பார்த்தார்.

“மேலால வந்தது சேர்,” என்றார். “விடியக்காலம் மழை பெய்யிறதானே. அதோட சேர்ந்து வந்தது.”

 பெரியவர் அன்றைய மழை அளவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். நெருப்பு வந்த அன்று விடியவே புழுக்கம் தாங்காமல் சென்றிக்காரன் அந்த இடத்தில் நின்று தலையோடு தண்ணீர் வார்த்துக் குளித்திருந்தான். அந்த வருடத்தின் அதிகூடிய மழை அன்றுதான். பெரியவரின் முகம் தெளிந்தது. இவ்வளவு மழையில் காட்டுத்தீ வந்திருக்க முடியாது என்றும், அடைமழையால் வீடு இழந்த குடும்பத்துக்கு உடனே நிவாரணம் போய்ச்சேர வேண்டும் என்றும் தீர்ப்புச் சொன்னார். ஒரு தீயும் பதியப்படாத ஒரே நிலையம் என்று இலுக்குப்பொத்தானைக்குப் பாராட்டும் கிடைத்தது. கட்டடம் எப்படிக் காணாமற்போனது என்று அவர் கேட்கவில்லை.

நிவாரணம் அடுத்த கிழமையே வந்தது. ஒரு நுளம்பு வலை, கிணற்றுக்குப் போடும் மருந்து, ஒரு கறுப்புக் குடை.

அழகரத்தினமும் சீதேவிப்பிள்ளையும் கரித்தரையில் நாலு கம்பு நட்டுத் தறப்பாள் கட்டி இருந்தார்கள். பட்டிக்கு மேற்கே இப்போது நல்ல அகலமாக எரிந்திருந்தது. இனி அங்கே கொளுத்த ஒன்றுமில்லை. அழகரத்தினம் குடையை வாங்கி, வெயிலுக்காவது உதவட்டும் என்று விரித்தார். கச்சான் இன்னும் ஓயவில்லை. அவர் கையிலிருந்து குடையைப் பிடுங்கி, உயரத் தூக்கி, நேர் கிழக்கே கொண்டுபோனது. காம்புக்கு மேலால் அது பறந்தபோது சென்றிக்காரன் துவக்கைத் தூக்கி இரண்டு வெடி வைத்தான். குடை சுழன்று சுழன்று வாவிப் பக்கம் விழுந்தது.

அழகரத்தினம் அதை எடுக்கக் கிழக்கே காலெடுத்து வைத்தார்.

“அங்க எங்க போறீங்க?” என்றாள் சீதேவிப்பிள்ளை. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. “காத்து வடக்கால தானே வீசுது. தெற்கால போய்த் தேடுங்க.”

அழகரத்தினம் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு திரும்பித் தெற்கே நடந்தார். பாலத்தடியில் அவரை மறித்து, தேடுகிற குடைக்குப் பாஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள்.